நிரூபிக்க வேண்டியவர் யார்?

மர்மக் கதை என்றதும் முகம் சுளிக்கும் முற்போக்காளர் நம்மிடையே உண்டு. துப்பாக்கிக்கும் துரத்தலுக்கும் இருட்டுத் தெருவுக்கும் மக்கள் இலக்கியத்தோடு என்ன உறவு என்று அவர்கள் கேட்பார்கள். "பொழுதுபோக்கை ஏன் பிய்த்துப் பார்க்கிறீர்கள்? ரசித்துவிட்டுப் போங்கள்" என்று நமக்கு உபதேசம் செய்வோரும் உண்டு. இந்த இரு சாராரோடும் நமக்கு வழக்கிருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் மூச்சையடக்கிக் கேட்கும் ஒரு கதையை இலக்கியமன்று எனத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். அது நம் மனத்தில் எதை விதைக்கிறது என்று பாராமல் ரசித்துவிட்டுப் போவது ஏமாளித்தனம்.

நானுஓயாவில் ஒரு மழை மாலையில், ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டிலே, மாணவர் சிலரோடு அமர்ந்து ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 'தே மேட் மீ எ ஃபியூஜிட்டிவ்' என்பது அதன் பெயர். 'என்னை ஓடி ஒளிபவனாக்கினார்கள்' என்று நம் மொழியில் சொல்லலாம். 1947இல் வெளிவந்தது. நெறியாண்டவர் பிரேசிலிலே பிறந்த கவல்கான்டி. கதாநாயகன் கிளெம் மோர்கனாக நடித்தவர் டிரெவர் ஹோவர்ட்.

யுத்தம் முடிந்து வீடு திரும்பிய விமானப் படை வீரன் கிளெம். செய்யத் தொழிலில்லை, சலிப்பு அவனை அரிக்கிறது. கள்ளச் சந்தைக் கும்பலொன்றில் சேருகிறான். சவப்பெட்டிக் கடை அந்தக் கும்பலின் போர்வை. போதைப் பொருளைக் கடத்த அவன் மறுக்கவே, கும்பலின் தலைவன் நார்சி அவனைச் சிக்க வைக்கிறான். ஒரு பொலிஸ்காரர் காரில் மோதுண்டு இறக்கிறார். காரின் சக்கரத்தருகே நினைவற்றுக் கிடப்பவன் கிளெம். பதினைந்தாண்டுச் சிறை. தப்பி ஓடுகிறான். ஓடும் வழியிலே அவன் செய்யாத இன்னொரு கொலையும் அவன் தலையில் விழுகிறது. கடைசியில் கூரையிலிருந்து வீழ்ந்து சாகும் நார்சி, உண்மையைச் சொல்ல மறுத்தே சாகிறான். கிளெம் மீண்டும் சிறைக்கே செல்கிறான்.

படம் முடிந்ததும் மாணவனொருவன் சொன்னான்: "சேர், இவனுக்கு ஓடிப்போக லண்டன் இருந்திச்சு, எங்க பாட்டனுக்கு ஓடினா இன்னொரு தோட்டந்தானே இருந்திச்சு!"

அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்.

குற்றமற்ற ஓட்டக்காரனின் கதை ஆங்கிலேயருக்கு மிகவும் பிடித்த சரக்கு. ஜோன் பக்கன் 1915இல் எழுதிய 'முப்பத்தொன்பது படிகள்' இந்த வகைக்கு ஒரு பெரிய முன்மாதிரி. 1935இல் ஹிட்ச்கொக் அதைப் படமாக்கினார். அதே 1935இல் பக்கன் கனடாவின் மகா தேசாதிபதியாகவும் நியமனம் பெற்றார் என்பதை வாசகர்கள் மறக்க வேண்டாம். அவருடைய கதாநாயகன் ஹனே, ஆபிரிக்கச் சுரங்கங்களிலே பொருள் தேடி வந்தவன். செய்யாத கொலைக்காகப் பொலிசார் அவனைத் தேடுகிறார்கள், அவன் ஓடுகிறான், ஓடிக்கொண்டே உண்மையான பகைவரைக் கண்டுபிடித்துத் தேசத்தைக் காக்கிறான்.

இத்தகைய கதைகளின் இன்பம் எதிலே இருக்கிறது? பார வண்டி மாடுபோல் நிரூபணத்தின் பாரத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவனே இழுத்துச் செல்வதில்தான் இருக்கிறது. 'நீ குற்றவாளி என்பதை நாங்கள் நிரூபிக்கிறோம்' என்று சொல்ல வேண்டிய அரசு ஓய்ந்து நிற்கிறது. 'நான் நிரபராதி என்பதை நானே நிரூபிக்கிறேன்' என்று ஒரு மனிதன் மலைக்கும் நகருக்கும் ஓடுகிறான். நீதியின் தலைகீழ் நிலை இது. இதைக் கண்டு நாம் கொதிக்க வேண்டும்; கதையோ நம்மைக் கைதட்ட வைக்கிறது. சட்டம் நல்லது, பாவம் ஏமாந்துவிட்டது, கெட்டவன் ஒருவன் பிடிபட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற போதனை அக்கைதட்டலுக்குள் ஒளிந்து வருகிறது.

கவல்கான்டியின் படம் இந்த வகையில் நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்வோம். ஓடியதனால் கிளெமுக்கு நீதி கிட்டவில்லை. வழக்கு மறுபடி ஆராயப்படலாம் என்ற மெலிந்த நம்பிக்கையே மிச்சம். ஆயினும் அங்கும் குற்றத்தின் ஊற்று நார்சி என்ற ஒரு கொடியவன்தான். தண்டித்த நீதிமன்றத்தை நோக்கி ஒரு கேள்வியும் எழவில்லை.

படம் வந்து மூன்றாண்டு கழியுமுன் நிஜ லண்டனில் என்ன நடந்தது? 1950 மார்ச் 9ஆம் திகதி திமோதி எவன்ஸ் என்ற தொழிலாளி, தன் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கெதிராக முக்கிய சாட்சி சொன்னவன் அதே வீட்டிலே குடியிருந்த கிறிஸ்டி. அந்தக் கிறிஸ்டியே பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல் வெளியாயிற்று. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கினார்கள். செத்தவனை மன்னித்தார்கள்! அவனுக்கு ஓடக் கூரையுமில்லை, துரத்தக் கதாசிரியனுமில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். அந்த மாணவனின் பாட்டனும் பூட்டனும் எந்தக் கொலைக்காக ஓடினார்கள்? எந்தச் சதியிலே சிக்கினார்கள்?

ஒன்றுமில்லை. வேலையை விட்டுப் போனார்கள், அதுவே குற்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலும் நியாயமான காரணமுமின்றி வேலைத்தலத்தை விட்டு நீங்கும் தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடூழியச் சிறை விதிக்க இடமளித்தது. கீழ்ப்படியாமை குற்றம், துடுக்காகப் பேசுவது குற்றம், ஓடுவது குற்றம். சம்பளத் தகராறு குடியியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய விவகாரம் என்று உலகம் சொல்லும். இங்கே அது பிடியாணையாயிற்று, விலங்காயிற்று, சிறையாயிற்று. நியாயமான காரணம் இருந்தது என்று எழுத்தறியாத கூலித் தொழிலாளி எதைக் கொண்டு காட்டுவான்? துரையின் கையிலே செக்ரோல் இருந்தது. கங்காணியின் கையிலே கடன் கணக்கு இருந்தது. அவன் கையிலே கொழுந்துக் கறை மட்டுமே இருந்தது.

சிறைக்குத் தப்பினாலும் துண்டுக்குத் தப்ப முடியாது. இன்ன கடனைக் கட்டினால் இன்ன ஆளை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதித் தரும் கடிதமே துண்டு. அந்தத் துண்டில்லாமல் இன்னொரு தோட்டம் ஆளைச் சேர்ப்பதில்லை என்பது வழமை. கடல் கடந்து வந்த வழிச்செலவே கடனாகி, கடன் துண்டாகி, துண்டு விலையாகி, மனிதன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினான். தன்னை விற்கும் அந்தத் தாளை அவனால் வாசிக்கவும் முடியாது! 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆகவே நார்சி போன்ற ஒரு சதிகாரன் இந்த மலைக்குத் தேவைப்படவே இல்லை. பொய்ச் சாட்சியும் வேண்டியதில்லை. சட்டப் புத்தகமே அந்த வேலையைச் செய்தது. அதை இயற்றியவர்கள் மரியாதைக்குரிய கனவான்கள். தீர்ப்பளித்தவர்கள் சட்டத்தை மீறாத நீதவான்கள். கதையிலே தவறிப்போய் நிகழும் அநீதி, இங்கே தவறாமல் நிகழ்ந்தது.

"ஆங்கிலேயன் கதையில் வருவதுபோல் ஓடி ஒளிந்து வென்ற ஒருவரும் இந்நாட்டில் இல்லையா?" என்று கேட்கலாம். ஒருவர் இருந்தார், அவரும் வெள்ளையரே. லண்டனிலே பிறந்து அவுஸ்திரேலியாவிலே வளர்ந்த மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில், 1936இல் தேயிலைத் துரையாகப் பயில இலங்கைக்கு வந்தார். மடுல்கலைப் பகுதித் தோட்டத்திலே தொழிலாளரின் வாழ்வைக் கண்டு கொதித்து, லங்கா சமசமாஜக் கட்சியிலே சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், கமலாதேவி சட்டோபாத்யாயா பேசிய அதே மேடையில் ஏறித் தோட்டத் தொழிலாளர் முன் துரைமாரைச் சாடினார். 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படி தேசாதிபதி ஸ்டப்ஸ் ஆணையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். பொலிசார் வலைவீசித் தேடிக்கொண்டிருக்க, மே 5ஆம் திகதி காலிமுகத் திடலிலே திரண்ட பெருங்கூட்டத்தின் நடுவே திடீரெனத் தோன்றினார்! பின்பு கைது, ஆட்கொணர்வு மனு, தேசாதிபதிக்கு அவ்வாறு ஆணையிட அதிகாரமில்லையென்று மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு, விடுதலை.

இதைப் படமாக்கினால் ஹிட்ச்கொக்கும் தோற்பார். ஆயினும் இதன் உட்பொருளைப் பாருங்கள். பிரேஸ்கேர்டில் ஓடியதனால் வெல்லவில்லை. தான் நல்லவன் என்று எவரிடமும் அவர் நிரூபிக்கவுமில்லை. நீதிமன்றத்திலே கேட்கப்பட்ட கேள்வி வேறு: 'தேசாதிபதியே, இவரை வெளியேற்ற உமக்கென்ன அதிகாரம்?' நிரூபணத்தின் பாரம் அதற்குரிய தோளிலே ஏற்றப்பட்டது. அதை ஏற்றத் துணிவு தந்தது காலிமுகத் திடலின் ஜனசமுத்திரம்.

அந்தக் கேள்வியைப் பின்னாளில் நாம் தொடர்ந்து கேட்டோமா? இங்கே நம் இடதுசாரி அணியும் தன் முகத்தைக் கண்ணாடியிலே பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. அப்போது சமசமாஜிகள் பாராளுமன்றத்திலே அதை எதிர்த்தனர்; அது அவர்களுக்குப் பெருமை. 1949ஆம் ஆண்டின் சட்டம் 'பிரஜையாக வேண்டுமா? இத்தனையாண்டு இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபி' என்றது. லயத்து அறையிலே பிறந்தவனிடம் பத்திரம் கேட்டார்கள். ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிட்டியது. மற்றவர்கள் எந்த வழக்கிலும் நிற்காமலேயே தண்டனை பெற்றவர்கள். 1964 அக்டோபரிலே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு வைத்து, 1,50,000 பேரைப் பின்பு பார்ப்போம் என்று ஒதுக்கியபோது, அதே சமசமாஜக் கட்சி அந்த அரசிலே அமர்ந்திருந்தது. இதை மறைத்து வைக்கும் முற்போக்கு நமக்கு வேண்டாம். தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டிகளின் அழுகையை மலையக நிலையங்கள் கேட்டன. அவர்கள் ஓடியவர்களல்லர், ஓட்டப்பட்டவர்கள்.

பழங்கதை என்று எவரேனும் சொல்லக்கூடும். 1979இலே இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சாதாரணச் சட்டத்தில் பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. இச்சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்டவரும் பதிவு செய்ததே போதுமாக்கப்பட்டது. அது அடித்துப் பெறப்பட்டதென்றால், அதைக் காட்ட வேண்டிய பாரம் அடிபட்டவன் தலையிலே வைக்கப்பட்டது. சிங்கராசா வழக்கிலே, தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரின் பெருவிரல் அடையாளம் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் இருந்தது. 1995இல் 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. இந்த நிரூபணப் பாரமே நியாயமான விசாரணைக்கு மாறானது என்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கூறியது. பாட்டன் வாசிக்க முடியாத துண்டு. பேரன் வாசிக்க முடியாத வாக்குமூலம். மொழி மாறியது, முறை மாறவில்லை.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! ஆங்கில மர்மப் படங்களைப் பாருங்கள், நாவல்களைப் படியுங்கள். தடை போடுவது நம் வேலையன்று. ஆனால் விளக்கு எரிந்ததும் வகுப்பிலே ஒரு கேள்வியை எழுப்புங்கள். 'இவன் நிரபராதியா?' என்பதோடு கதாசிரியன் நின்றுவிடுவான். 'இவனை நிரூபிக்கச் சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை? இதைக் குற்றமென்று எழுதியவன் யார்? எழுதியதனால் எவனுக்கு லாபம்?' என்று நீங்கள் கேளுங்கள்.

அடுத்து, எழுதுங்கள். இரவோடிரவாகப் பிள்ளையைத் தோளிலே சுமந்து, பனியில் நனைந்து, காட்டுப் பாதையாலே தோட்டம் தாண்டியவர்களின் கதை லயங்களிலே இன்னும் முற்றாக மறையவில்லை. முதியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பழைய பெட்டிகளிலே மடித்துக் கிடக்கும் விண்ணப்பங்களையும் நிராகரிப்புக் கடிதங்களையும் வெளியே எடுங்கள். அந்தக் கதையிலே கதாநாயகன் தன் குற்றமின்மையை நிரூபிக்க ஓடமாட்டான். நின்று, திரும்பி, துரத்தியவனைப் பார்த்துக் கேட்பான்: "நான் செய்த குற்றம் என்ன? நீ நிரூபி!"