கோவிவனுக்கு ஓர் இருக்கை

பழைய வடஆர்க்காடு மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறுப்பூசலில் மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவனது நாயும் அதில் இடம்பெற்றிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாய்க்குக் கல்லில் இடம் தந்த இந்நிலத்தில், காரில் அதற்கு நாம் தரும் இடம் எத்தகையது?

சென்ற கோடையில் ஆம்பூரில் பிரியாணி உண்ண இறங்கினோம். உணவகத்தின் முன், வெயிலில் நின்ற காருக்குள் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. உரிமையாளரைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். "பத்து நிமிஷம்தானே சார், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தான் வைத்திருக்கிறேன்" என்றார். அன்பில்லாதவர் அல்லர், அறியாதவர்.

வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே ஏறுகிறது. விரலளவு திறந்த கண்ணாடியால் பெரிய பயனில்லை. நாயோ மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும் உயிர். உள்ளே காற்றே கொதிக்கும்போது அதுவும் உதவாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் வேலூர்ப் பகுதியில், பத்து நிமிடம் என்பது சிறு பொழுதன்று.

ஓடும் காரிலும் இதே அறியாமைதான். மடியில் ஒன்று, சன்னலுக்கு வெளியே தலைநீட்டியபடி ஒன்று. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 20 கிலோ நாயைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 400 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். எந்தக் கையும் அதைத் தாங்காது. கழுத்துப்பட்டையில் கட்டினால் அவ்வளவு விசையும் கழுத்தில் இறங்கும். மார்பைச் சுற்றிய அகலமான பட்டை, அதிலிருந்து சீட் பெல்ட்டோடு இணையும் குட்டையான வார், பின் இருக்கை: இவை போதும். முன்னிருக்கையில் காற்றுப்பை விரிந்தால் அதுவே நாயைக் கொல்லக்கூடும்.

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோலோடு வாழும் ஊர்கள். எந்த வார் எவ்வளவு தாங்கும் என்று இங்குள்ளவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலங்கை வதைபடும் வகையில் ஏற்றிச்செல்வதை 1960ஆம் ஆண்டின் சட்டமும் குற்றமென்கிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சித்தான் இதைச் செய்ய வேண்டுமா என்ன?

பிரியாணியை முறைவைத்து உண்ணலாம். ஒருவர் உண்ணும்வரை மற்றவர் புங்கமர நிழலில் நாயோடு தண்ணீர்க் கிண்ணத்துடன் நிற்கட்டும். நமக்காகக் காத்து நின்றதன் வழித்தோன்றலுக்கு நாம் அரைமணி காத்து நிற்பது பெரிய கைம்மாறன்று.