முள் நிறைந்த மீனும் கணக்கெழுதிய வலைஞரும்



மீன் குழம்பு வைத்த நாளில் நம் வீடுகளில் எழும் முதற்குரல் எது? "அம்மா, இதில் ஒரே முள்!" என்பதுதானே! சோற்றைப் பிசைந்து, விரலால் தடவி முள் பார்த்துப் பிள்ளையின் வாயில் ஊட்டும் தாய்மாருக்கு மீனின் சுவை பின்னால்தான் நினைவுக்கு வரும். முள்தான் முன்னால் வரும்.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இத்தகைய தாய்மார் உண்டு. அந்நாட்டின் கிழக்குக் கரையிலே ஷேட் என்றொரு மீன் இருக்கிறது. வெள்ளி போல் மின்னும் செதிலும், ஏறக்குறைய இரண்டு கிலோ எடையும் கொண்ட அழகிய மீன். ஆனால் அதன் சதையில் விரல் வைக்கும் இடமெல்லாம் முள்! வடகிழக்குக் கரையின் தொல்குடியினரான மிக்மாக் மக்கள் இதற்கு ஒரு கதை சொல்வர். தன் நிலையில் மனநிறைவு கொள்ளாத முள்ளம்பன்றி ஒன்று, தன்னை வேறோர் உயிராக மாற்றும்படி பேராவியிடம் மன்றாடிற்றாம். பேராவி அதனை உள்ளும் புறமுமாகத் திருப்பி ஆற்றிலே எறிந்துவிட்டதாம். அதுவே ஷேட் மீன் ஆயிற்றாம்!

எனினும் இந்த மீனுக்கு விஞ்ஞானிகள் சூட்டிய இலத்தீன் பெயரில் 'சப்பிடிசிமா' என்னும் சொல் இருக்கிறது. 'மிக மிகச் சுவையானது' என்பது அதன் பொருள். முள்ளை நீக்கிச் சதையை மட்டும் எடுத்துத் தருவது அங்கே ஒரு தனிக் கலை. அதனைக் கற்றவர் மிகச் சிலரே. பெண் மீனின் சினையோ பெருவிருந்து. இம்மீன் ஆறு ஏறும் கதையையும், அதனைப் பிடிப்போரின் கதையையும் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பூ மலர்ந்தால் மீன் வரும்

ஷேட் ஆற்றிலே பிறந்து கடலிலே வளரும் மீன். முட்டையிலிருந்து வெளிப்பட்ட குஞ்சு கோடை முழுவதும் ஆற்றில் வளர்கிறது. இலையுதிர் காலத்தில், விரலளவே ஆன உடலோடு, கடலை நோக்கி இறங்கிவிடுகிறது. பின்னர் நான்கைந்து ஆண்டுகள் கடல்வாசம். கோடைக் காலத்தில், பல்வேறு ஆறுகளில் பிறந்த ஷேட் மீன்கள் வடக்கே கனடாவின் பண்டி வளைகுடாவில் ஒன்றாகத் திரண்டு இரை தேடுகின்றன. ஆனால் முட்டையிடும் பருவம் வந்ததும் ஒவ்வொன்றும் தான் பிறந்த ஆற்றையே நாடிப் புறப்படுகிறது. ஆயிரம் கல் தொலைவு அலைந்த மீன் தன் பிறந்த வீட்டு வாசலை மறவாமல் வந்து சேர்கிறது என்றால், இது வியப்பன்றோ!

ஆற்று நீர் எவ்வளவு வெதுவெதுப்பாகிறது என்பதைப் பொறுத்தே இந்தப் பயணம் தொடங்குகிறது. தெற்கே பிளாரிடாவில் குளிர்காலத்திலேயே மீன் ஏறத் தொடங்கும். டெலவேர், ஹட்சன் ஆறுகளில் ஏப்ரல், மே திங்கள்களில் ஏறும். கனடாவிலோ ஜூன் ஆகிவிடும். வசந்தத்தில் அந்த ஆற்றங்கரைகளில் ஒருவகைச் சிறு மரம் வெண்பூ பூக்கிறது. அதற்கு மக்கள் இட்ட பெயரே 'ஷேட் மரம்' என்பதுதான். அது பூத்துவிட்டால் மீன் வந்துவிட்டது என்று வலைஞர் படகை நீரில் இறக்குவர். தவக்காலமும் உயிர்ப்புத் திருநாளும் வந்து செல்லும் அதே வாரங்கள் அவை.

பெண் மீன் ஒன்று இலட்சக்கணக்கான முட்டைகளை இடுகிறது. தென்னாட்டு ஆறுகளில் முட்டையிட்ட மீன்கள் அங்கேயே மடிந்துவிடும். வட ஆறுகளிலோ பல மீன்கள் மெலிந்த உடலோடு கடலுக்குத் திரும்பி, உடல் தேறி, மறு ஆண்டும் ஏறி வரும்.

வலையும் தூண்டிலும்

ஷேட் பிடிக்கும் முறைகள் பல. ஹட்சன் ஆற்றில், வெள்ளமும் வற்றமும் ஓய்ந்து நீர் நிற்கும் வேளை பார்த்துச் செவுள்வலையை மிதக்க விடுவர். கழிகளை ஆற்றின் அடியில் ஊன்றி அவற்றிடையே வலை கட்டுவதும் உண்டு. வலையின் கண் பெரிதாயிருக்கும். சிறிய ஆண் மீன் நழுவிப் போகும். சினை கொண்ட பெரிய பெண் மீன் செவுள் சிக்கி நிற்கும்.

டெலவேர் ஆற்றில் நம் கடற்கரை மக்கள் நன்கு அறிந்த கரைவலைதான். வலையின் ஒரு தலைக்கயிற்றைக் கரையில் ஒருவர் பற்றிக்கொள்வார். மற்றவர் படகில் வலையை ஏற்றித் துடுப்பு வலித்துச் சென்று, ஆற்றின் குறுக்கே வில் போல் வளைத்து விட்டு, மறுதலையைக் கரைக்குக் கொண்டுவருவர். நீரோட்டம் வலையைக் கீழ்நோக்கித் தள்ளத் தள்ள, கரையில் நிற்பவரும் அதனோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும். பின்னர் யாவரும் கூடி இழுப்பர். பத்துக் கைகள் சேர்ந்தாலன்றி அந்த வலை கரையேறாது.

தூண்டில்காரரின் பாடு வேறு. ஆறு ஏறும் ஷேட் ஏறக்குறைய உண்பதே இல்லை. ஆயினும் வண்ணம் பூசிய சிறிய ஈயக்குண்டோடு கூடிய தூண்டிலைக் கண் முன்னே ஆட்டினால் சில வேளை வெடுக்கென்று கவ்வும். அதன் வாயோ மிக மெல்லியது. ஆத்திரப்பட்டு இழுத்தால் வாய் கிழிந்து மீன் தப்பிவிடும். விட்டுப் பிடித்து, மீனின் போக்குக்கு இசைந்து, பொறுமையோடு கரைக்குக் கொணர்பவருக்கே அது கிட்டும்.

பெருகிய நாளும் அருகிய நாளும்

அமெரிக்க நாடு பிறந்த கதையிலும் இம்மீனுக்கு இடமுண்டு. முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், பொட்டோமாக் ஆற்றங்கரையிலிருந்த தம் பண்ணையில் வசந்தந்தோறும் ஷேட், ஹெர்ரிங் மீன்களை வலைவீசிப் பிடித்து, உப்பிட்டு, பீப்பாய்களில் அடைத்து விற்றார். அவ்வலைகளை இழுத்து நனைந்த கைகள் அடிமைகளின் கைகள் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1778ஆம் ஆண்டு வசந்தத்தில், வேலி போர்ஜ் பாசறையில் பசியால் வாடிய அவருடைய படையை ஆறு ஏறி வந்த ஷேட் மீன்களே காப்பாற்றின என்றும் ஒரு கதை வழங்குகிறது. அழகிய கதைதான், ஆனால் அக்காலத்துக் கடிதங்களிலும் ஏடுகளிலும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தோர் கூறுவர்.

அவ்வளவு மீன் எங்கே போயிற்று? முதற் காரணம் பேராசை. ரயில் வண்டியும் பனிக்கட்டியும் வந்த பின்னர், ஆற்றங்கரையில் பிடித்த மீன் தொலைதூர நகரங்களுக்கும் சென்றது, வலைகள் பெருகின, திரும்பிச் சென்று முட்டையிட மீன் மிஞ்சவில்லை. இரண்டாவது காரணம் அணை. கனெக்டிகட் ஆற்றில் 1849இல் ஹோலியோக் நகரத்து அணை எழுந்தது. சஸ்குவஹானா ஆற்றில் 1928இல் கானவிங்கோ அணை எழுந்தது. சால்மன் மீன் துள்ளித் தாண்டும், ஷேட் துள்ளாது. சுவரைக் கண்ட மீன் சுவரடியிலேயே சுற்றிச் சுற்றி நின்றது.

மூன்றாவது காரணம்தான் நம் சிந்தனைக்குரியது. டெலவேர் ஆற்றின் பெருவழியில் அணையே இல்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கும் மீன் அற்றுப்போகும் நிலை வந்தது. காரணம் யாது? பிலடெல்பியா நகரை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் வந்து கலந்து, கோடையில் நீரில் உயிர்க்காற்றே இல்லாமற் போயிற்று. மேலே பிறந்த குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வழியில் மூச்சடைத்து மாண்டன. கல்லால் கட்டாத சுவர்; கண்ணுக்குத் தெரியாத சுவர்! அணையை ஒருவர் கட்டினார் என்று சொல்லலாம். இந்தச் சுவரையோ கரையில் வாழ்ந்த ஒவ்வொருவரும் ஒரு வாளி கழிவாகச் சேர்த்துக் கட்டினர்.

வெறும் வலையின் கணக்கு

அந்த ஆற்றில் லாம்பர்ட்வில் என்றொரு சிற்றூர். அங்கே ஒரு தீவில் 1888ஆம் ஆண்டு முதல் ஒரே குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கரைவலை இழுத்து வருகின்றனர். ஒவ்வொரு வசந்தமும் எத்தனை மீன் பட்டது என்று ஏட்டில் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். மீன் கொழித்த நாளிலே கணக்கு எழுதுவது பெரிதன்று. வணிகம் செய்பவர் எவரும் எழுதுவர். 1950களில், சில ஆண்டுகள் வலையில் ஷேட் படுவதே அரிதாயிற்று. அப்போதும் அவர்கள் வலையை மடித்து மூலையில் வைத்துவிடவில்லை. வசந்தம் வந்ததும் படகை இறக்கினர், வலையை வளைத்தனர், வெறுமையாக வந்த வலையையும் ஏட்டில் குறித்தனர். 'மீன் இல்லை' என்பதும் ஒரு கணக்கே அன்றோ! ஆறு கெட்டுவிட்டது என்று அதிகாரிகளிடம் முறையிட்டபோது, வாய்ச்சொல் மட்டும் அன்றி அந்த ஏடும் அவர்கள் கையில் இருந்தது.

1972இல் அந்நாட்டு அரசு நீர்த்தூய்மைச் சட்டம் இயற்றிற்று. நகரங்கள் கழிவைத் தூய்மை செய்த பின்னரே ஆற்றில் விட வேண்டியதாயிற்று. நீரில் உயிர்க்காற்று மீண்டது. பின்வந்த ஆண்டுகளில் டெலவேர் ஆற்றில் ஷேட் திரளாக ஏறத் தொடங்கியது. லாம்பர்ட்வில் மக்கள் அதற்கென்று ஆண்டுதோறும் விழாவே எடுக்கலாயினர். இன்றும் மீன்களின் நிலையை ஆராயும் அறிஞர்கள் அந்தக் குடும்பத்தின் ஏட்டையே நாடிச் செல்கின்றனர்.

பிற ஆறுகளிலும் முயற்சிகள் நடந்தன. ஹோலியோக் அணையில் 1955இல் மீன்தூக்கி ஒன்று அமைத்தனர். பாயும் நீரைக் காட்டி மீன்களை ஒரு தொட்டிக்குள் வரச் செய்து, தொட்டியோடு மேலே தூக்கி அணைக்கு அப்பால் விடுவதே அதன் வேலை. மெயின் மாநிலத்துக் கென்னபெக் ஆற்றில், 1837 முதல் நின்ற எட்வர்ட்ஸ் அணையை 1999இல் இடித்தே அகற்றினர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்த வழியிலே மீன் மீண்டும் ஏறிற்று.

இதனைக் கேட்டு எல்லாம் நலமாயிற்று என்று எண்ணிவிட வேண்டாம். ஹட்சன் ஆற்றில் மீன் மிகக் குறைந்துவிட்டதால், 2010இல் நியூயார்க் மாநில அரசு அங்கே ஷேட் பிடிப்பதையே தடை செய்தது. பாட்டன் காலத்து வலையை வைத்திருந்த வலைஞர்கள் அதனைச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று. அட்லாண்டிக் கரை முழுவதிலும் இம்மீன் இன்னும் நலிந்தே இருக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு கூறிற்று. இதிலே ஒரு விந்தையும் உண்டு. 1871இல் சேத் கிரீன் என்பவர் ஹட்சன் ஆற்றின் குஞ்சுகளைப் பாத்திரங்களில் ஏற்றி, ரயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் பயணம் செய்து, மேற்குக் கரையின் சாக்ரமெண்டோ ஆற்றில் விட்டார். அவற்றின் வழி வந்த மீன்கள் வடக்கே கொலம்பியா ஆற்றிலும் பரவின. 2019இல் அங்குள்ள போனவில் அணையைக் கடந்தவை மட்டும் 70 இலட்சத்துக்கும் மேல்! குடிபுகுந்த ஊரில் கொழிப்பு. பிறந்த வீட்டிலோ வறுமை.

நம் வீட்டு உறவு

நிற்க. இந்த ஷேட் மீன் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நம்மவர் உல்லம் என்றும், வங்காளத்தார் இலிஷ் என்றும், கோதாவரிக் கரையினர் புலச என்றும் போற்றும் மீன் இதற்கு உறவு. அதே வெள்ளி நிறம், அதே சுவை, அதே முள்! அதுவும் கடலிலிருந்து ஆறு ஏறி முட்டையிடுவதே. கொள்ளிடத்தில் 1836இல் எழுந்த அணைகளும், 1934இல் எழுந்த மேட்டூர் அணையும் காவிரியில் அதன் வழியை மறித்தன. கங்கையில் 1975இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கிய பின்னர், அலகாபாத் வரை ஏறிய இலிஷ் அங்கே அரிதாயிற்று. வயலுக்கு நீர் தந்த அணையை நாம் பழிக்க இயலாது. அந்நீரால் விளைந்த சோற்றைத்தானே உண்கிறோம்! ஆனால் ஆற்றில் நாம் கொட்டும் கழிவுக்கு அத்தகைய நியாயம் ஏதேனும் உண்டா?

டெலவேர் கரையின் வலைஞர்கள் பெரும் அறிஞர்களோ, அதிகாரம் படைத்தவர்களோ அல்லர். தங்கள் ஆற்றை ஆண்டுதோறும் உற்றுப் பார்த்தார்கள். கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். வலை வெறுமையாக வந்த நாளிலும் அந்தக் கடமையை விடவில்லை. நம் ஊரிலும் ஓர் ஆறோ, வாய்க்காலோ, ஏரியோ இருக்கும். முன்பு அதில் என்னென்ன மீன் இருந்தது, எந்தத் திங்களில் வந்தது, எப்போது மறைந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஓர் ஏட்டைக் கொடுத்து அதனை எழுதி வைக்கச் சொல்லுங்கள். இன்று அந்த நீரின் நிறம் என்ன, மணம் என்ன என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

அடுத்த முறை தட்டில் முள் மிகுந்த மீன் வந்து, பிள்ளை முகம் சுளிக்கும்போது, முள்ளம்பன்றியின் கதையை அதற்குச் சொல்லுங்கள். கதை முடிவதற்குள் நீங்களும் முள்ளை எடுத்து முடித்திருப்பீர்கள்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.