அண்ணனுக்கு மறுபடியும் வந்தது காசநோய் இல்லை

ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அண்ணன் நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குபவர். 40 கிலோ சிப்பத்தை அட்டியில் போட்டுவிட்டு மூச்சு வாங்காமல் அடுத்ததற்குத் திரும்பியவர். அவருக்குக் காசநோய் வந்தபோது ஆறு மாதமும் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டார். குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, குறுவை அறுவடை நேரத்தில் இருமல் திரும்பியது. ஐப்பசி மழையில் நெல் நனைந்து, தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிக் கிடந்த நாட்கள் அவை. தார்ப்பாயை விலக்கினால் ஆவியும் முக்கல் வாடையும் முகத்தில் அடிக்கும். காய்ந்தபின் தூற்றினால் கருக்காயோடு சாம்பல் நிறத் தூசி எழும்பும். அண்ணனுக்கு இருந்த ஒரே காப்பு, மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு. உடம்பு இளைத்தது. ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

சளியை இரண்டு முறை சோதித்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் பழைய இடத்திலேயே நிழல் தெரிந்ததால், மறுபடியும் காசநோய் மாத்திரையே கொடுத்தார்கள். “ஏன் தங்கச்சி, திரும்பவும் அதே மாத்திரையா?” என்று அண்ணன் கேட்டார். மருந்துக் கடையில் இருபது வருஷம் வேலை பார்த்த எனக்கும் பதில் தெரியவில்லை. நான்கு மாதம் வீணாயிற்று.

பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு எதிரணு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. காசநோய் ஆறினாலும் நுரையீரலில் குழி நின்றுவிடுவது உண்டு. வரப்பில் நண்டு வளை கிடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் வைக்கோலிலும் காற்றிலும் எங்கும் உள்ளவை. நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை வெளியேற்றிவிடும். குழி விழுந்த நுரையீரலில் அவை தங்கி வளர்ந்துவிடக்கூடும். அண்ணனுக்கு அது நெல் தூசியால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நுரையீரல் பழுதுபட்டவர் பூசணம் பிடித்த நெல்லிலும் வைக்கோலிலும் வேலை செய்யக் கூடாது. வேறு வழியில்லை என்றால் என்95 முகக்கவசம் வேண்டும். துண்டு அந்த வித்தைத் தடுக்காது.

2021-இல் கருப்புப் பூஞ்சை என்றதும் நாடே நடுங்கியது. மெதுவாகக் கொல்லும் இந்த நோயைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் முதல் வரிசையில் இருக்கிறது. இந்தியாவில் சுமார் 17 லட்சம் பேருக்கு நாள்பட்ட ஆஸ்பெர்ஜில்லோசிஸ் என்னும் இந்த நோய் இருக்கலாம் என்று எய்ம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. இட்ராகோனசோல் மாத்திரையைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதன் வேலையைக் கெடுத்துவிடும். எது காசநோய், எது பூஞ்சை என்று முதலிலேயே பிரித்தறிவது அதனாலும் அவசியம். அந்த ரத்தப் பரிசோதனையை நாங்கள் தனியாரிடம் எடுத்தோம். அண்ணனின் பல நாள் கூலி அதற்கே போனது. காசநோய்ச் சிகிச்சை முடித்தவரை இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்திலேயே இருக்கும் விதி. அப்போது இருமல் இருந்தால் எக்ஸ்ரேயோடு இந்தப் பரிசோதனையையும் இலவசமாகச் செய்ய வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக வருபவர்கள், “முன்பு காசநோய் இருந்ததா, இப்போது இருமுகிறதா?” என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும், எத்தனையோ பேர் கண்ணில் படுவார்கள்.

இன்னொன்று: இந்தப் பூஞ்சை நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அண்ணனுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்திருந்தோம். அது தேவையே இல்லை.

உங்கள் வீட்டில் காசநோய் மாத்திரையை முடித்த ஒருவர் மூன்று மாதத்துக்கு மேல் இருமினால், இளைத்தால், சளியில் ரத்தம் கண்டால், மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: “இது பூஞ்சையாக இருக்குமா, ஐயா?”