அச்சாரப் பணம் யாருக்குச் சொந்தம்?

கடந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு கார் விற்பனை முறிந்தது. வாப்பா பத்து வருடமாக ஓட்டிய பழைய கார் அது. வாங்க வந்தவர் பக்கத்துத் தோட்டத்து இளைஞர். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தவர், ஊருக்கே திரும்பி வந்து ஹட்டனில் வாடகைக்கு ஓட்டலாம் என்று நினைத்தார். ஐம்பதாயிரம் ரூபாயை வாப்பாவின் கையில் கொடுத்து, "ரெண்டு கெழமையில லீசிங் போட்டு மிச்சத்தத் தந்துர்றேன் நானா" என்றார். துண்டு எழுதவில்லை. சாட்சியும் இல்லை.

இரண்டு கிழமை போனது. நிரந்தர வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று லீசிங் கிடைக்கவில்லை. அவர் தன் தாயையும் அழைத்துக்கொண்டு வந்தார். வாப்பா சொன்னது ஒன்றுதான்: "உங்களுக்காக ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அட்வான்ஸ் திருப்பித் தாறது வழக்கமில்லையே."

வாப்பா கெட்டவர் அல்லர். ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். அந்த "வழக்கம்" சரிதானா என்பதே என் கேள்வி.

முதலில் அந்தப் பணத்தின் எடையைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 50,000 ரூபாய் என்பது 37 நாள் உழைப்பு. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அது ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட வேலை. ஆனால் ஏழையின் பணம் என்பதற்காகவே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அது இரக்கம். நான் கேட்பது நியாயம்.

முற்பணம் இரண்டு வகை. ஒன்று, விலையின் ஒரு பகுதி. மற்றது, சொன்ன சொல்லை மீற மாட்டேன் என்பதற்கான பிணை. இதைத்தான் நம் முன்னோர் அச்சாரம் என்றார்கள். விலையின் பகுதியாகக் கொடுத்த பணம், விற்பனை நடக்காதபோது விற்பவருக்கு உரியதாகாது. அவருக்கு உண்மையில் நட்டம் ஏற்பட்டிருந்தால் அதை மட்டும் கேட்கலாம். பிணையாகக் கொடுத்ததென்றால், வாங்குபவர் பின்வாங்கும்போது அதை இழக்க நேரிடலாம். 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் ஆதன விற்பனை வழக்கில் இந்த வேறுபாட்டையே எடுத்துக்காட்டியது. 70 இலட்சம் விலைக்கு 7 இலட்சம் முற்பணம். வாங்குபவர் தவறினால் அது பறிபோகும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்ததால் விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம் என்றது. வெறும் பகுதிக் கொடுப்பனவாக இருந்தால் அவ்வாறு பறிக்க முடியாது என்பதையும் சொன்னது.

எங்கள் நாட்டில் அசையும் பொருள்களின் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விலையின் ஒரு பகுதியைச் செலுத்துவதும் ஒப்பந்தத்தை வலுவுள்ளதாக்கும் வழிகளில் ஒன்று என அது கொள்கிறது. அப்படியானால் முற்பணம் வாங்குபவரை மட்டுமல்ல, விற்பவரையும் கட்டுகிறது. இதை நாம் மறந்துவிடுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த நாட்களில் முற்பணம் வாங்கிய பிறகும் "வேற ஆள் கூடத் தாறார்" என்று கூறிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகியவர்களைப் பற்றி நாம் கேள்விப்படவில்லையா? விற்பவர் வார்த்தை மாறினால் வாங்கியதைக் கொடுத்தால் போதும். வாங்குபவரால் இயலாமற் போனால் முழுவதையும் இழக்க வேண்டும். இது எந்தத் தராசு?

மார்க்கத்தின் பக்கம் வருவோம். இத்தகைய முற்பண வியாபாரத்தை ஃபிக்ஹு நூல்கள் 'உர்பூன்' என்கின்றன. நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் இதை அனுமதிப்பதில்லை. ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளின் நிலைப்பாடும் அதுவே. கைம்மாறு இல்லாமல் ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொள்வதாகிறது என்பது அவர்களின் காரணம். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அனுமதித்தார்கள். உமர் (ரழி) அவர்களுக்காக மக்காவில் சிறைச்சாலைக்கென ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரழி) அவர்களிடம் வீடு வாங்கப்பட்ட சம்பவத்தை அதற்கு ஆதாரமாகக் கொண்டார்கள். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி, காலக்கெடு குறிக்கப்பட்டிருந்தால் இது ஆகும் என்று தீர்மானித்தது. ஆக, அனுமதித்தவர்களும் நிபந்தனையோடுதான் அனுமதித்திருக்கிறார்கள். வருத்தப்பட்டு வருபவரின் வியாபாரத்தை விட்டுக்கொடுத்து முறித்துக்கொள்வதன் சிறப்பை நபிமொழி கூறுவதும் நாம் அறிந்ததே.

விற்பவருக்கும் ஒரு பக்கம் உண்டு. வாரக்கணக்கில் வாகனத்தை நிறுத்தி வைத்து, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது சும்மா காரியமல்ல. விளையாட்டுக்கு விலை பேசுபவர்களைத் தடுக்க ஒரு பிணை வேண்டும்தான். ஆனால் நட்டம் என்பது கணக்கில் காட்டக்கூடியது. பத்தாயிரம் நட்டத்துக்கு ஐம்பதாயிரம் எடுப்பது நட்டஈடு அல்ல, இலாபம்.

ஆகவே என் கருத்து இது. விற்பவர் எதையாவது மறைத்திருந்தாலோ அவரே பின்வாங்கினாலோ முழுப் பணமும் திரும்ப வேண்டும். லீசிங் கிடைக்காதது போன்ற காரணத்தால் முறிந்தால், மெய்யான நட்டம் போக மீதி திரும்ப வேண்டும். வேறு வாகனம் பிடித்துப்போய் வாங்குபவர் விலகினால், முன்னரே எழுதி ஒப்புக்கொண்ட சிறு தொகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவதற்கு ஒரு தாள் போதும். இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், விலை, முற்பணம், கடைசித் திகதி, லீசிங் கிடைக்காவிட்டால் என்ன, விற்பவர் மாறினால் என்ன. பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிணக்கு வந்தால் உடனே நீதிமன்றம் ஏறவும் தேவையில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இத்தகைய சிறு பிணக்குகளுக்காகவே இருக்கின்றன.

அன்றிரவு நான் இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. "வாப்பா, நமக்கு உண்மையிலே எவ்வளவு நட்டம்?" என்று மட்டும் கேட்டேன். வாப்பா பதில் சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த கிழமை கார் வேறொருவருக்குப் போனது, பத்தாயிரம் குறைந்த விலைக்கு. அதற்கு மறுநாள் வாப்பா அந்த இளைஞரை வரச்சொல்லி, கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, நாற்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். மத்ஹபின்படி அந்தப் பத்தாயிரத்தையும் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

காரை வாங்கிய புதியவரிடம் முற்பணம் வாங்கியபோது, வாப்பா முதலில் கேட்டது என் கொப்பியிலிருந்து ஒரு தாள்.