பதவிப் பெயரும் பொறுப்பும்

பேராக் மாநிலத்தின் பத்து காஜாவில், ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்றழைக்கப்படும் கிறித்துவ இடுகாடு ஒன்று உள்ளது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உயிரிழந்த பிரிட்டிஷ் படைவீரர்களும் காவல்துறையினரும் தோட்ட நிர்வாகிகளும் அங்குப் புதைக்கப்பட்டுள்ளனர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும் நினைவு நிகழ்வில், மலேசியப் படையினரோடு வெளிநாட்டுப் படைப் பிரதிநிதிகளும் மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்துகின்றனர். சீருடைகள் பலவிதம், தோள்பட்டைச் சின்னங்களும் பலவிதம். அவர்களுள் யார் மூத்தவர் என்பதைப் பதவிப் பெயரை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது.

‘கேப்டன்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மலேசியத் தரைப்படையில் கேப்டன் என்பவர் மேஜருக்குக் கீழ்நிலையில் உள்ள இளம் அதிகாரி. கடற்படையிலோ கேப்டன் பதவி, தரைப்படையின் கர்னல் பதவிக்கு நிகரானது. சொல் ஒன்றுதான், இடைவெளி மூன்று படிகள். கடற்படையின் உயர்பதவிப் பெயர் தமிழ் மாணவர்களுக்கு இன்னும் சுவையானது. ‘லக்சமானா’ என்னும் அப்பெயர், இராமாயணத்து இலட்சுமணன் பெயரிலிருந்து மலாய் மொழிக்கு வந்தது. மலாக்கா சுல்தானகத்தில் ஹங் துவா ஏற்றிருந்த பதவியும் அதுவே.

தமிழில் எழுதுவோர் சில வேளைகளில் இக்குழப்பத்தைக் கூட்டிவிடுகின்றனர். மேஜர், கர்னல், ஜெனரல் ஆகிய மூவரையும் ‘தளபதி’ என ஒரே சொல்லால் குறிப்பிடுவது அத்தகையது. ஏறத்தாழ நூறு பேரை வழிநடத்துபவரும் பல்லாயிரம் பேரை வழிநடத்துபவரும் அதனால் ஒருவராகிவிடுகின்றனர். பதவிப் பெயரை அப்படியே எழுதி, எத்தனை பேருக்குப் பொறுப்பாளர் என்பதை ஒரு வரியில் விளக்குவதே நேர்மையான வழி.

நாடுகளின் பதவிகளை அருகருகே காட்டும் ஓர் அட்டவணை போதுமே எனச் சிலர் கூறுவர். இன்றைய மலேசிய, பிரிட்டிஷ் தரைப்படை அதிகாரிகளை ஒப்பிட அது பெரும்பாலும் போதும். ஆனால், வரலாற்றைப் படிக்கும்போது அட்டவணை தடுமாறுகிறது.

பத்து காஜாவுக்குத் தெற்கே உள்ள கம்பாரில், 1941 டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ், இந்திய வீரர்கள் சேர்ந்து ஜப்பானியப் படையை எதிர்த்துப் போரிட்டனர். அன்றைய இந்தியப் படையில் சிப்பாய், நாயக், ஹவில்தார் ஆகியோருக்கு மேல் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் தனி அடுக்கு ஒன்று இருந்தது. சுபேதார் பல்லாண்டு அனுபவம் உடையவர். முப்பது பேர் கொண்ட அணியைப் போர்க்களத்தில் நடத்தக்கூடியவர். வீரர்களின் மொழியும் வழக்கமும் அறிந்தவரும் அவரே. ஆயினும், பயிற்சி முடித்து நேற்று வந்து சேர்ந்த லெப்டினன்டுக்கும் அவர் கீழ்ப்பட்டவர். அந்த லெப்டினன்ட் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர். இந்தியர் சிலரும் முழு அதிகாரிகளாகத் தொடங்கியிருந்தனர் என்பது உண்மைதான். எனினும், அடுக்கின் அமைப்பு மாறவில்லை.

இத்தகைய சுபேதாரை அட்டவணையின் எந்தக் கட்டத்தில் வைப்பது? லெப்டினன்டுக்கு நிகராக வைத்தால் அவருக்கு மறுக்கப்பட்ட அதிகாரம் மறைந்துபோகிறது. பிரிட்டிஷ் படையின் வாரண்ட் அதிகாரிக்கு நிகராக வைத்தால் அவர் சுமந்த பொறுப்பு குறைந்துபோகிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தை அருகில் எழுதுவதே தகும். விடுதலைக்குப் பின்னரும் இந்தியா இவ்வடுக்கைக் கைவிடவில்லை. ஜமேதார் என்னும் பெயர் மட்டும் 1965இல் நாயிப் சுபேதார் என மாற்றப்பட்டது.

பேராக்கிலேயே உள்ள தைப்பிங் போர் இடுகாட்டில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய வீரர்களின் கல்லறைகள் பல உள்ளன. உயர் அதிகாரி என்பதற்காக அங்கே எந்தக் கல்லும் உயரமாக நடப்படவில்லை. பதவி, பெயருக்கு அருகில் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கு ‘நாயக்’ என வாசிக்கும் மாணவர் அதனைப் பெயரின் பகுதியாக எண்ணிக் கடந்துவிடக்கூடும். பத்துப் பேர் கொண்ட சிறு பிரிவைக் களத்தில் முன்னின்று நடத்தியவருக்கே அப்பதவி உரியது.