வெறுங்கையோடு வெளியேறியவருக்கு

ஸ்திரீதனத்தை, அதாவது திருமணத்தை ஒட்டியும் பின்னரும் பெண்ணுக்கென வழங்கப்பட்ட நகை, பாத்திரம் முதலிய உடைமைகளை, அவரிடமே திருப்பித் தருமாறு உத்தரவிட, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது; ஆனால், உடுத்திய சேலையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவருக்கு மாற்றுடை அன்றிரவே வேண்டும், காப்பகத்திலிருந்து வாடகை அறைக்குக் குடிபெயரும் நாளில் அடுப்பும் குக்கரும் பாயும் பள்ளிப் பையும் வேண்டும். கையில் ஏதுமில்லாத நிலையும் அடித்தவரின் வீட்டுக்கே பலரைத் திரும்பச் செய்யும் காரணங்களுள் ஒன்று என்பதால், பிறர் வீடுகளில் பயனின்றிக் கிடக்கும் நல்ல பொருள்கள் இங்கே பாதுகாப்பாகவே மாறுகின்றன.

கிழிந்ததையும் பழுதானதையும் தள்ளிவிடும் வழியாக இப்படிப் பொருள் கொடுப்பதைக் கருதுவது, அவமதிக்கப்பட்டவரை மீண்டும் அவமதிப்பதாகும். தகவல்கள் முற்றிலும் அழிக்கப்பட்ட, இயங்கும் நிலையிலுள்ள கைப்பேசி மிகவும் பயனுள்ளது. ஏனெனில், கணவர் கண்காணித்த கருவியைக் கைவிட்டு, 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அச்சமின்றி அழைக்க அது உதவும். தங்கியிருப்போரின் பாதுகாப்பைக் கருதி, கொடுப்போர் காப்பகங்களை நேரில் தேடிச் செல்லாமல், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் தேவையைக் கேட்டறிந்து, அவ்வலுவலகம் காட்டும் வழியில் ஒப்படைப்பதே முறை.