கிளினிக் போகவும் நேரம் வேண்டும்

தோட்டத்துக் குடியை எதிர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பின்னர் சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது சிலாங்கூரில் பல உயிர்களைக் குடித்தது. குடிகாரனை ஏசுவதால் பயன் என்ன?

குடிப்பழக்கம் ஒரு நோய். நோய்க்கு மருந்துண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம். தேவையானால் அவர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். ஹெராயினுக்கு அடிமையானோருக்கு 2005 முதல் மெதடோன் தரப்படுகிறது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆகையால் கோயில் சத்தியம் மட்டும் போதாது, டாக்டரும் வேண்டும்.

தடை எங்கே? நேரத்தில்! மெதடோனைத் தொடக்கத்தில் நாள்தோறும் நேரில் சென்று குடிக்க வேண்டும். இருட்டோடு பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, நிறுவை முடிந்து அசாம் ஜாவாவில் பஸ் ஏறுபவர் எப்போது போய்ச் சேர்வார்? வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. கூலியா, மருந்தா என்றால் ஏழை கூலியைத்தான் பிடிப்பான்.

ஆகவே நிர்வாகங்களைக் கேட்கிறோம்: சிகிச்சைக்குப் போகிறவரின் நிறுவையை முதலில் முடித்து அனுப்புங்கள். டாக்டர் விடுப்புச் சீட்டுக் கொடுத்தால், 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்புக் கொடுங்கள்.

கிராணித் தோழர்களே! சீட்டில் கண்ட நோயை ஆபீசுக்கு வெளியே பேசாதீர்கள். லயத்தில் பெயர் கெட்டால் அவர் மறுபடி கிளினிக் வாசலை மிதிக்கமாட்டார்.

கள்ளுக்கடையை மூடச் சொன்னது அன்று. கிளினிக்குக்கு வழிவிடச் சொல்வது இன்று.